தாதரில் ஓர் அறை

…தாணேயாம், ஏரி இருக்கிறதாம், காற்று வருமாம், அறைக்குள் நாலு பேர் நடக்கலாமாம், காலையில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பம்பாய்க்குள் இறங்கிவிடலாமாம்… ரயில் ஏறினால். என்னைப் பார்த்து இதைச் சொல்ல என் மகன் வேந்தனுக்கு எப்படி மனசு வந்தது? பெற்ற பிள்ளைதானே, அத்தனை வருஷமும் இவன் தூங்கி எழுவதற்கு முன்னால் நான் ரயில் ஏறியிருப்பேன் என்று இவனுக்குத் தெரியாதா? பம்பாய் பார்க்கப் போகும்போது நாங்கள் தங்க இரண்டு அறைகளின் படத்தைப் போனில் அனுப்பியிருக்கிறான், ஒன்று ஊருக்கு வெளியே தாணேயில், இன்னொன்று ஊர் நடுவே தாதரில், பன்னிரண்டு மணிக்குள் சொல், பதிவு செய்துவிடுகிறேன் என்று ஒரு கெடு வேறு. தாதர் அறையின் கீழே அவனே எழுதியிருக்கிறான், சின்னது, சந்தைப் பக்கம், சத்தம். தாணே அறையின் கீழே பூ படம் போட்டிருக்கிறான். சரி, யோசிக்கலாம் என்று பார்த்தால் ஐந்து நாள் கழித்து இன்றைக்குத்தான் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், ஒரு கையில் குழாய், ஒரு கையில் போன், கோலார் தங்கவயலின் கோரமண்டல் பேட்டையில் எங்கள் லைன் வீட்டு வரிசை முழுக்க இப்போது இந்தக் கோலத்தில்தான் நிற்கிறது. டிரம் பாதி நிறைந்திருக்கிறது. நின்றுவிடுவதற்குள் இரண்டு குடமாவது பிடிக்க வேண்டும்.

தங்கச் சுரங்கம், எங்கள் மைன், மூடின வருஷம் ஏறின ரயில். இவர் கையில் வேலை இல்லை, வேந்தன் மூன்றாம் வகுப்பு, நான் பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற வேலைக்குப் போனேன். இருபத்து நாலு வருஷம். விடியுமுன் ஏறி, பங்காருப்பேட்டையில் நின்று, கன்டோன்மென்டில் இறங்கி, பஸ் பிடித்து, சாயங்காலம் ஆறு மணி ரயிலுக்குத் திரும்பி ஓடி… பீன்ஸ் நறுக்கியது ரயிலில், அழுதது ரயிலில், ஆயுத பூஜைக்கு வாழைமரம் கட்டிப் பொரி தின்றது ரயிலில். அவ்வளவு வருஷத்தில் பெங்களூரில் ஓர் இரவு தங்கினேனா? ஒரே ஓர் இரவு? கேட்டால் சிரிப்பார்கள். அந்த ஊர் எனக்குப் பத்திலிருந்து ஐந்தரை வரைதான். அதற்கப்புறம் அதை இழுத்து மூடிவிடுவார்களோ என்னவோ, நான் பார்த்ததில்லை. இப்போது ரிட்டயர் ஆகி, ஆயுளில் முதல் தடவையாக ஊர் பார்க்கப் போகிறேன், அங்கேயும் ஊருக்கு வெளியே படுத்து, காலையில் ரயில் ஏறி, வேடிக்கை பார்த்து, சாயங்காலம் ரயில் பிடித்துத் திரும்ப வேண்டுமாம். அதற்கு ஆஸ்பத்திரிக்கே போகலாமே, பழகின சீட்டாவது கிடைக்கும்.

இவரைக் கேட்டேன். உள்ளே பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "புள்ள விசாரிச்சுத்தான சொல்றான், அவன் சொல்றதையே போடு" என்றார். மனோகர் என்று பெயர் வைத்ததற்குப் பதில் ஆமாம்சாமி என்று வைத்திருக்கலாம். அவரைச் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன கிழித்தேன்? ராதிகா மகள் ரிசப்ஷன்… பக்கத்துக் கவுன்டர் ராதிகா, பதினாறு வருஷம் ஒரே டப்பாவில் சோறு தின்றவள். ஏழு மணிக்கு ரிசப்ஷன். ஆறு மணி ரயிலுக்காக நான் பர்மிஷன் போட்டு நாலரைக்கே போனேன். மண்டபத்தில் பூக்கட்டுகிறவர்கள் ஏணி மேல் இருந்தார்கள், நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன, மணப்பெண் பியூட்டி பார்லரில். மொய்க்கவரை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் வாட்ச்மேன் கையில் கொடுத்து, மேடையில் காலியாக நின்ற இரண்டு சிம்மாசனத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன். நான் மட்டுமா, எங்கள் பெட்டியில் எல்லோரும் அப்படித்தான், கோலார் தங்கவயல் ஆட்கள் வந்துவிட்டுப் போனார்கள் என்றால் விசேஷம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று பெங்களூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். சரி, அது அடுத்தவர் வீட்டு விசேஷம். எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில்? நாலரைக்கு வைத்தார்கள், பெரிய டாக்டர் வர ஐந்தாகிவிட்டது, மாலை போட்டார்கள், அவர் மைக்கைப் பிடித்து சங்கமித்ரா அம்மா சேர்ந்த நாளில் என்று தொடங்கினார்… ஐந்து இருபது. என் கால் எழுந்துவிட்டது. நான் எழவில்லை, சத்தியமாக, கால்தான் எழுந்தது. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள், நானும் சிரித்தேன். நான் சேர்ந்த நாளைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து எனக்கு வேலையே கிடையாது, அந்த ரயிலை விட்டிருந்தால் குடியா முழுகியிருக்கும்? அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, என் மேல்தான்.

போன் அடித்தது. வேந்தன்.

"இன்னாம்மா, தாணேயே போட்டுடட்டா?"

"தாதர் போடு."

"அது சந்தைக்கு நடுவுல கீதும்மா. ஒரே கூட்டம். ஜன்னலத் தொறந்தா ஹாரன் சத்தம்."

"அமைதி வேணும்னா கோரமண்டல்லயே கீதுடா. காசு குடுத்து தாணேல போய்த் தேடணுமா?"

"உனக்குத்தான் ரயில் பழக்கமாச்சே, அதான் ஈஸியா இருக்கும்னு…"

"பழக்கம்னா பிடிக்கும்னு யார் சொன்னாங்க உனக்கு?"

பாவம், அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறான், அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் எனக்கு நல்லது எது என்று இருபத்து நாலு வருஷமாக ரயில்வே டைம்டேபிள் சொன்னது, இப்போது இவன் சொல்ல வேண்டாம். அப்பாவுக்கு முட்டிவலி, தாதரில் மூன்று மாடி ஏற வேண்டும் என்றான். அவர் வரவில்லையென்றால் நான் மட்டும் போகிறேன் என்றேன். உள்ளேயிருந்து, "நான் எப்ப வரலன்னேன்?" என்று குரல் வந்தது. ஆமாம்சாமிக்கு வாய் முளைத்துவிட்டது. சைத்யபூமிக்கு நடந்தே போய்விடலாம், பாபாசாகேப் நினைவிடத்தில் கும்பிட்டுவிட்டு அப்படியே கடலோரம் உட்காரலாம், யாரும் என்னைக் கிளப்ப முடியாது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"சரிம்மா, தாதரே போட்டுட்டேன், நாலு நாள். ஆனா பகல்லயே எல்லாம் பாத்துடுவீங்க. ஆறு மணிக்கு மேல ரூம்ல இன்னா பண்ணுவ?"

குத்தலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். தண்ணீர் வந்திருக்கிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

என்ன பண்ணுவேன்? இது ஒரு கேள்வியா? மூன்றாவது மாடி, ஜன்னல், கீழே சந்தை, காய்கறிக்காரி விளக்குப் போடுகிறாள், நான் டீயை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு… இல்லை. டீ ஆறுகிறது, நான் எழுந்துவிட்டேன். கைப்பை தோளில் ஏறிவிட்டது. மனசுக்குள் என்னை மறுபடி உட்கார வைத்தேன். உட்கார்ந்தவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள், செருப்பைக் காலால் தேடுகிறாள். எங்கேடி போகிறாய், இதுதானே உன் அறை, சண்டை போட்டு வாங்கியது? கதவைத் திறந்து படியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள், வேகமாக, மூன்று மாடியும். கடலோரத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன், அங்கேயும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். யாரும் கிளப்பவில்லை. பயமா? பயமென்றால் தாணேக்கு மாற்றிக்கொள்வதா? அது இந்த ஜன்மத்தில் நடக்காது. நானே போன் பண்ணினேன்.

"நாலு நாள் பத்தாதுடா. ஆறா போடு."

"ஆறா? எதுக்கும்மா ஆறு?"

"மொத ரெண்டு நாளு சாயங்காலம் எனக்கு உக்கார வராது."

அவனுக்குப் புரியவில்லை, சிரித்தான், போட்டுவிடுகிறேன் என்றான். ஆறு நாள். எப்படியும் மூன்றாம் நாள் உட்கார்ந்துவிடுவேன்… அப்படி என்று எனக்கு யார் சொன்னார்கள்?