சத்தமில்லாத செயின்

விர்ராபி சைக்கிள் கிளப்பின் ஆண்டுப் பந்தயத்தில் மெதுவாக ஓட்டுகிறவர்களை முதலில் அனுப்பிவிடுவார்கள். கில்லாடிகள் கடைசியில் கிளம்பித் துரத்த வேண்டும்; கோட்டை முதலில் தாண்டுகிறவருக்குக் கோப்பை. யாருக்கு எத்தனை நிமிடம் முன்னே என்று பென்சிலால் எழுதுவது வெர்னா. போன வருடம் அவள் இரக்கப்பட்டு இருபது நிமிடம் கொடுத்த ஒருவன், குளிர்காலம் முழுக்கத் திருட்டுத்தனமாகப் பயிற்சி எடுத்தவன், கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். ஊரே சிரித்தது. இன்னொரு முறை ஏமாந்தால் பென்சில் வேறு கைக்குப் போகும் என்று கிளப் தலைவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பதினொரு வருடம் அவள் காதில் இருந்த பென்சில்.

அதனால் இன்று காலை யார் சிரித்தாலும் சந்தேகம், யார் இருமினாலும் சந்தேகம். வாயை அவள் நம்ப மாட்டாள், செயினைத்தான் நம்புவாள். பயிற்சி எடுக்கிறவன் செயினைத் துடைப்பான், சோம்பேறியின் செயின் கீச்சிடும். அவ்வளவுதான் அவள் சட்டம்.

கோதுமைக் கிடங்கின் பின்னாலிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது. எட்டிப் பார்த்தாள். வில்ஃப் பிகட், அறுபத்திரண்டு வயது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பழைய பல் பிரஷால் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டு என்ன பண்ற, வில்ஃப்?"

"ஒளியறதா? முன்பக்கம் ஒரே காத்து. எண்ணெய் விட்டா புழுதி வந்து ஒட்டிக்கும்."

"பளபளன்னு இருக்கே. யாருக்கும் தெரியாம எத்தனை கிலோமீட்டர் ஓட்டின?"

"சனிக்கிழமை தவறாம துடைக்கறேன் வெர்னா, இருபத்தாறு வருஷமா. நீ இன்னிக்குத்தான் பாக்கற."

இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட ஜெயிக்காதவர் அவர். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே வெர்னா அவர் பெயருக்கு எதிரே இருந்த பதினைந்தை அழித்துப் பதினொன்று என்று எழுதினாள்.

மெர்வ் டன்ஸ்டன் வருவது தெருமுனையிலேயே கேட்டது. துருப்பிடித்த செயின், எலி மாட்டிக்கொண்ட மாதிரி கீச்சென்றது.

"என்ன மெர்வ், இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடைக்கலையா?"

"ஆடு குட்டி போடற நேரம்மா. தூங்கவே முடியல, இதுல செயின் வேறயா!"

அவனுக்குப் பதினைந்து அப்படியே இருந்தது. பட்டியலை நிம்மதியாகக் கிளப் கதவில் குத்தினாள்.

மதியம், முடிவுக் கோட்டை நோக்கி இரண்டு பேர் தோளோடு தோள் வந்தார்கள். மெர்வும் வில்ஃபும். வெர்னா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கீச்சுச் சத்தமே இல்லை. மெர்வ் அரைச் சக்கரம் முந்திக் கோட்டைத் தாண்டினான்.

அவள் ஓடிப்போய் அவன் சைக்கிளின் செயினைத் தொட்டாள். புத்தம் புதுசு. விரலில் எண்ணெய் ஒட்டியது.

"அந்தத் துருச் செயின் எங்க?"

"நீ பட்டியலைக் குத்தினதும் கழட்டி கார்ல போட்டுட்டேன்." மெர்வ் கண்ணடித்தான். "அது உனக்குன்னே வெச்சிருந்தது வெர்னா."

சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வில்ஃப் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"எங்கிட்டேருந்து எத்தனை நிமிஷம் எடுத்த?"

"நாலு," என்றாள்.

வில்ஃப் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பிவைத்து, பையிலிருந்து துணியை எடுத்து, செயினில் படிந்த புழுதியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெர்னா காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். தலைவர் கேட்பதற்கு முன்பே அவரிடம் நீட்டினாள்.