மாதாவின் துணிப்பெட்டி போன வீடு

நான்கு ஆண்கள் மூச்சிரைக்கத் தூக்கிவந்த அந்த இழுப்பறைப் பெட்டி, தர்ஹெலியாவின் வாசலில் நிற்காமல் அடுத்த வீட்டுக்குள் போனது. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சாதாரணப் பெட்டியா அது? ஸ்பானியர் ஆண்ட காலத்துக் கேதுரு மரம். முகப்பெல்லாம் மாதுளைக் கொடி செதுக்கியிருக்கும், கால்கள் சிங்கப் பாதங்கள். உள்ளே ஊர்க் கோயிலில் இருக்கும் கார்மென் மாதா சிலையின் உடுப்புகள். பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவள்தான் திருவிழாவுக்கு மாதாவுக்கு உடுத்திவிடுவாள், சாகும்வரை. அந்நேரம் பாதிரியார்கூட அறைக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது. மாமியார் இருந்தவரை அவர் உடுத்தினார். இஸ்திரி போட்டதும் கிழிசல் தைத்ததும் மூத்த மருமகள் தர்ஹெலியா. மாதாவின் பொன்னிழை மேலங்கிக்குக் கண் நோகப் பூவேலை செய்தவளும் அவளே. கிழவி என்ன செய்தாள்? கண்ணை மூடுமுன் சாவியை அடுத்த வீட்டு இளைய மருமகள் நார்சிசாவின் கையில் வைத்துவிட்டாள்.

"நேத்து வந்தவ! ஊசியில நூல் கோக்கத் தெரியுமா அவளுக்கு?" என்று புருஷனிடம் பொரிந்தாள்.

"விடேன்டி. அவளும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே." அவன் அவித்த சோளத்தை மென்றுகொண்டிருந்தான்.

"உனக்கென்ன, திங்கறதுக்கு மட்டும் வாயத் தொறப்ப."

திருவிழாவுக்கு முதல்நாள் நார்சிசாவே வந்து கூப்பிட்டாள். "அக்கா, நீங்களே இஸ்திரி போட்டுத் தாங்க. பொசுக்கிடுவேனோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பணிவுகூடத் தர்ஹெலியாவுக்கு நடிப்பாகத்தான் பட்டது. இஸ்திரிப் பெட்டிக்குக் கரி எடுக்க நார்சிசா அடுப்படிக்குப் போனதும், தர்ஹெலியா மேல் இழுப்பறையிலிருந்த பொன்னிழை மேலங்கியைச் சுருட்டித் தன் கனத்த பாவாடைக்குள் செருகிக்கொண்டாள். நாளைக்கு ஊர்ப் பெண்கள் முன்னால் அவள் திருதிருவென்று விழிக்கட்டும். சாவி தானாகத் தன் கைக்கு வரும். மற்ற உடுப்புகளை இஸ்திரி போட்டு, தானே இழுப்பறைகளில் அடுக்கி மூடினாள்; நார்சிசா திறந்து பார்க்காமலே பூட்டினாள்.

மறுநாள் பெட்டியின் இழுப்பறைகள் மட்டும் கோயிலின் பின்னறைக்கு வந்தன. மேல் இழுப்பறையைப் பார்த்த நார்சிசாவுக்கு முகம் வெளுத்தது.

"சாவி உங்கிட்டதானே இருந்துச்சு?" என்றாள் தர்ஹெலியா, எல்லாருக்கும் கேட்கும்படி.

நார்சிசா வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய கல்யாண உடுப்பு. கத்தரிக்கோலை எடுத்து இடுப்போடு வெட்டினாள். "எங்கிட்ட இருக்குறதுலயே நல்லது இதுதான் தாயே," என்று அந்த வெள்ளைப் பட்டுத் துணியை மாதாவின் தோளில் போர்த்தினாள். பெண்கள் விம்மி அழுதார்கள். தர்ஹெலியாவுக்கு மட்டும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தன் பூவேலை இருந்த இடத்தில் அவளுடைய பட்டு!

ஊர்ப் பெண்களில் வயதில் மூத்த லியோபோல்தினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாண உடுப்பு வாங்குன மாதா வேற எதையும் போட மாட்டா. இனி எப்பவும் இதுதான். அந்தப் பழசு கெடச்சாலும் வேணாம்."

எல்லாரும் மண்டியிட்டார்கள். லியோபோல்தினா ஜெபத்தை எடுத்துக்கொடுத்தாள்.

"அந்த மேலங்கியில பூப்போட்ட கைய மாதா ஆசீர்வதிக்கட்டும்!"

நார்சிசா, ஓரகத்தியின் வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "உங்க கையத்தான் அக்கா சொல்றாங்க."

"அதத் திருடுன கை விளங்காமப் போகட்டும்!" என்று லியோபோல்தினா தொடர்ந்தாள்.

"ஆமென்," என்றார்கள் மற்றவர்கள். நார்சிசா அந்தக் கையை விடவில்லை, அக்காவும் சொல்லட்டும் என்று அவள் முகத்தையே பார்த்தாள். தர்ஹெலியாவும் "ஆமென்" என்றாள்.