கலங்கரை விளக்கம் வரை

படகுத்துறையில் அபிகாயிலின் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார்கள். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த வண்டி அது. போலியோவில் சூம்பிய இடது காலோடு அவள் பெரும்பாக்கத்திலிருந்து தாம்பரத்து லேப்புக்கு வேலைக்குப் போய்வருவது அதில்தான். அன்றும் லேப் ஆட்கள் வேனில் வர, அவள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். தீவுக்குள் இன்ஜின் வைத்த எதற்கும் அனுமதி இல்லை, சைக்கிள் மட்டும்தான் என்றார் டிக்கெட் கொடுப்பவர். ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு படகில் ஏறினாள்.

தீவில் இறங்கியதும் எல்லோரும் வாடகை சைக்கிளுக்கு ஓடினார்கள். மறுகோடியில், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருந்தது. டூரை ஏற்பாடு செய்த மேனேஜர் உமேஷ் அவளிடம் வந்தான்.

"நீங்க இங்கயே நிழல்ல உக்காருங்க, அபிகாயில். பேக் எல்லாம் பாத்துக்குங்க. நாங்க வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறோம்."

முந்தைய டூர்களில், ஏற்காட்டிலும் மகாபலிபுரத்திலும், அவள் பார்த்தது பைகளைத்தான்.

"பேக்க நான் பாக்கல சார். நானும் வரேன்."

கடைசிப் படகு நாலரைக்கு என்று அவன் நினைவூட்டினான். அதற்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். லேப் ரிசப்ஷனில் இருக்கும் ஸ்நேகா கூடவே நடப்பதாகச் சொன்னபோது, பேசிக்கொண்டு நடந்தால் மூச்சு வாங்கும் என்று அவளையும் அனுப்பிவிட்டாள். முணுமுணுத்தபடி அவரவர் பையை அவரவர் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மணலில் ஊன்றுகோல் புதைந்தது. சவுக்குச் சருகு மூடிய ஓரம் கெட்டியாக இருப்பதைக் கண்டுபிடித்து அங்கே நடந்தாள். ஐம்பது எட்டுக்கு ஒருமுறை நின்றாள். அக்குள் எரிந்தது. அவள் பாதி வழியில் இருக்கும்போதே எல்லோரும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சாப்பாட்டு நேரம், இப்படியே திரும்பிவிடலாமே என்றான் உமேஷ். தனக்கு ஒரு பொட்டலம் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு அவள் மேலே நடந்தாள்.

கலங்கரை விளக்கம் பூட்டிக் கிடந்தது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். சைக்கிள் உருளாத குழைமணல். அதற்கப்பால், கரை முழுக்கச் சிவப்பு நண்டுகள், ஆயிரக்கணக்கில். அவள் நிழல் விழுந்ததும் கரையே நகர்வதுபோல் ஓடி மறைந்தன. அசையாமல் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக மறுபடி வெளியே வந்தன. ஒன்று அவள் பாதத்தின் மேலேயே ஏறிப் போனது.

மணி பார்த்தபோது மூன்றே முக்கால். நடந்தால் படகைப் பிடிக்க முடியாது. சற்றுத் தள்ளிப் பாதையோரமாக ஒருவர் மிதித்து ஓட்டும் மீன்பாடி வண்டியில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். துறைக்குத்தான் போகிறார், பெயர் அந்தோணிசாமி என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அண்ணா, என்னையும் ஏத்திகினு போறியா? நாலரைக்குப் படகு."

"மீன் நாத்தம் அடிக்குமேம்மா."

"நான் வேலை பாக்கறது ரத்தம், மூத்திரம் டெஸ்ட் பண்ற எடத்துல. இதெல்லாம் ஒரு நாத்தமா?"

சிரித்துக்கொண்டே பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்தார். மணல் வந்த இடங்களில் இறங்கித் தள்ளினார். துறையில் உமேஷ் படகுக்காரரிடம் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நிம்மதியில் அவன் தோள்கள் தளர்ந்தன.

படகு கிளம்பிய பிறகு, அப்படி அங்கே என்னதான் இருந்தது என்று கேட்டான். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டபடியே நண்டுகளைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் அவள் பக்கம் நகர்ந்து வந்து கேட்டார்கள். அவர்கள் யாருமே பின்பக்கம் போயிருக்கவில்லை. வலிக்கிறதா என்று ஸ்நேகா மெதுவாகக் கேட்டாள்.

"உயிர் போவுது," என்றாள் அபிகாயில். பிறகு உமேஷைப் பார்த்து, "நாளைக்கு எனக்கு லீவு வேணும் சார்."