கூடிப்போன ஒரு ஆள்

கொறற்றி மூன்றாவது உருவத்தின் நெருப்புக்குச்சிக் கால் ஒன்றைப் பல்லால் கடித்துக் குட்டையாக்கியபோதே அது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அண்ணன் நொண்டித்தான் நடப்பான். மூன்று வயதில் கண்டதை ஐந்து வயதிலும் மறக்காமல் வைத்திருக்கிறாளே, இந்தச் சனியன் பிடித்த ஞாபகம் யாருக்கு வேணும்?

இலையுதிர்காலம் வந்தால் இந்த ஜெர்மன் சனத்துக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து குப்பை பொறுக்குவதுதான் கொண்டாட்டம். நாங்கள் இருந்த நொய்கெல்ன் பகுதியில் தேவாலயத்தோடு ஒட்டிய பாலர் பள்ளியில் அன்று பின்னேரம் தாய் தகப்பன்மாரைக் கூப்பிட்டிருந்தார்கள். தெருவில் உதிர்ந்த கஸ்டானியன் மரத்துக் காய்களில் நெருப்புக்குச்சி செருகி, அவரவர் குடும்பத்தை உருவங்களாகச் செய்யவேண்டும். தின்னவும் உதவாத காய். முழங்கால் உயரக் கதிரையில் நானும் ஒரு தகப்பனாகக் குந்தியிருந்தேன்.

கடதாசியில் நான்தான் தகப்பன். உண்மையில் கொறற்றி என் அண்ணன் அருட்பிரகாசத்தின் மகள். தாய் பிள்ளைப்பேற்றோடு போய்விட்டாள். அண்ணனை எண்பத்துநாலில் ஊர்ச் சந்தியில் வைத்து ஆமி சுட்டுக் கொன்றது. ஓடியவர்கள் தப்பினார்கள், அவனால் ஓட முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் வெளிக்கிட்டபோது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன், கோதாரியில் போவான், “உம்மட பிள்ளை எண்டே சொல்லும், தமையன் கிமையன் எண்டு வாயே திறக்கக்கூடாது” என்றான். சொன்னேன். கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று இங்கே அகதி விண்ணப்பத்தில் கையெழுத்தும் வைத்தேன். பிறகுதான் மொழிபெயர்க்கிற ஆனந்தராசா அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். “உமக்கென்ன விசரே? செத்த தமையன்தானே ஐசே உம்மட கேஸ்! இப்ப மாத்தவும் ஏலாது. மாத்தினா பொய்யன் எண்டு ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

அதிலிருந்து கொறற்றிக்கு ஒரே பாடம்தான். வெளியில் நான் அப்பா. அறைக்குள் கதவைச் சாத்தினால், கேட்க ஆருமில்லாவிட்டால், சித்தப்பா. மரித்தோர் திருநாளுக்கு அண்ணனுக்கென்று ஒரு பூசை ஒப்புக்கொடுக்கவும் எனக்குப் பயம். பெயரை வாசித்தால் யார் என்று கேட்பார்களே.

ஆசிரியை பிறவ் லிண்ட்னர் எங்கள் மேசைக்கு வந்தாள். நல்ல மனுசி, அதுதான் தொல்லை. சின்ன உருவத்தைத் தொட்டு, “இது நீ,” என்றாள். அடுத்ததைத் தொட்டு, “இது அப்பா. அப்ப இது ஆர்?”

கொறற்றி என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கிடந்ததோ தெரியாது. என்னைவிட நல்ல ஜெர்மனில் சொன்னாள்: “ஒருத்தருமில்லை. ஒரு ஆள் கூடிப்போச்சு.”

ஆசிரியை சிரித்தாள். பக்கத்து மேசைப் பெடியனுக்குத் தாத்தா குறைகிறதாம், வீணாக்காமல் கொடுப்போமா என்று கேட்டாள். கொறற்றி தானே எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அடியில் ‘ஓப்பா’ என்று எழுதிய துண்டை ஒட்டினான். முப்பத்திரண்டு வயதில் செத்த என் அண்ணன் யாரோ வெள்ளைக்காரனுக்குத் தாத்தாவாகி யன்னலோரம் நின்றான். தாவென்று பறித்திருக்கலாம். வெட்கங்கெட்டவன், நன்றி சொன்னேன்.

வெளியில் வந்து தெரு திரும்பினோம். முன்னும் பின்னும் ஒரு சனமில்லை. எங்கள் பேச்சைக் கேட்க ஆருமே இல்லை.

“நான் சரியாச் சொன்னனானே, அப்பா?”

பிழைதிருத்த வாயெடுத்தேன். சித்தப்பா என்று சொல்லு பிள்ளை, இப்ப சொல்லலாம்.

“ஓம்,” என்றேன்.

கடவையில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் ஒரு வாகனமும் வரவில்லை. அவள் என் கையைப் பிடித்தபடி, பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அசையாமல் நின்றாள். நானும் நின்றேன்.