ஏழாவது முற்றத்துப் பன்றி

"ஸ்வெதோசார் மாமா, அந்தக் கேசட்டைக் குடுங்க" என்றேன்.

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் என்னை அனுப்புவார்கள். இரண்டு வருஷமாக, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மியோத்ராக் சார் என்னை வாசலில் நிறுத்திச் சொல்வார்: "காபி குடி. பிளம் சாராயம் ஊத்தினா முதல் தடவை வேணாம்னு சொல்லு, ரெண்டாவது தடவை குடி. பழைய கதையெல்லாம் சொல்லுவார், கேளு. கேசட்டுன்னு வாயைத் திறந்திராத." மியோத்ராக் சார் எங்கள் காட்சியகத்தின் இயக்குநர். காட்சியகம் என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தலைநகர் பெல்கிரேடுக்கு வடக்கே, கிகிண்டா என்ற சின்ன ஊரில், மூடிப்போன ஒரு சேமிப்பு வங்கியின் தரைத்தளத்தில் இரண்டு அறைகள். எழுதப்பட்டு, ஆனால் வெளிவராமலே போன பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தேடிப் பாதுகாப்பது எங்கள் வேலை. அதற்கு அவர் கண்டுபிடித்திருந்த முறை மிகவும் எளிமையானது. அவற்றை எழுதியவர்கள் எல்லாருக்கும் இப்போது எழுபதை ஒட்டிய வயது. கேட்டால் முறுக்கிக்கொள்வார்கள். கேட்காமல் இருந்தால் ஒருநாள் இறந்துபோவார்கள். பிள்ளைகள் வியன்னாவிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டை விற்கும் அவசரத்தில், பரணில் கிடப்பதையெல்லாம் அட்டைப்பெட்டியில் அள்ளி நம் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். இதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தார். பிணந்தின்னிக் கழுகுக்கும் அந்தப் பொறுமை உண்டு.

எனக்கு இல்லை. என் அப்பா அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் ஒன்று வேண்டுமென்றால் வேண்டும் என்று கேட்போம். சுற்றிவளைத்துக் கேட்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன், நான்கு வருஷம் படித்தும் அது மட்டும் வரவில்லை. அதோடு, ஸ்வெதோசார் மாமா எழுதிய 'நவம்பர்' விளையாட்டு பதிவாகியிருந்த அந்தக் கேசட்டை வைத்திருந்த இடம் அப்படி. விறகடுப்பின் புகைபோக்கியை ஒட்டிய அலமாரியில், ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு நடுவே, முப்பத்தேழு குளிர்காலம் வெந்துகொண்டிருந்தது. போன தடவை பெருமைக்காக அதை எடுத்துக் காட்டியபோது அவருடைய உள்ளங்கையில் பழுப்பாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. அவர் அதை ஊதிவிட்டார். ஊதிவிட்டது விளையாட்டின் எந்தப் பகுதியோ.

"கேசட்டைக் கேக்கச் சொல்லி யார் அனுப்பினது?" என்றார் ஸ்வெதோசார் மாமா.

"யாரும் அனுப்பல. நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் காபி குடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க."

நில அளவைத் துறையில் முப்பது வருஷம் இருந்தவர் அவர். மனிதர்களையும் எல்லைக்கல் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். அப்படி ஒரு பார்வை பார்த்தார். சமையலறைக் கதவில் தட்டோடு நின்ற டெசாங்கா அத்தை, அவருடைய மனைவி, சிரிக்க ஆரம்பித்தவர், தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டு வருஷமா நான் காபி போட்டது இதுக்குத்தானா கண்ணு? முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் கடுமையா போட்டிருப்பேனே."

"நீ உள்ள போ."

"எதுக்குப் போகணும்? என் அலமாரிலதான் இருக்கு அது. பொண்ணு வாய்விட்டுக் கேக்குது. குடு, இல்ல ஏன் குடுக்க மாட்டேன்னு சொல்லு. சொல்லு பார்ப்போம்."

இங்கே 'நவம்பர்' விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் விளையாட்டுகள் கடைக்கு வராது, வானொலியில் வரும். அறிவிப்பாளர் எல்லாரையும் ரெக்கார்டரைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்வார். பிறகு மூன்று, நான்கு நிமிஷம் கீச்சென்று ஓர் இரைச்சல். அதைப் பதிவுசெய்து, ஆஸ்திரிய எல்லையில் யாராவது அத்தையின் பாவாடைக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஓட்டினால் விளையாட்டு வரும். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் என் அப்பா மாதிரி ஆட்கள் ரேடியோ கெட்டுவிட்டதென்று அதன் தலையில் ஓங்கித் தட்டுவார்கள். 'நவம்பர்' ஒரு பன்றியின் கதை. ஏழு முற்றங்களைத் தாண்டிக் கத்தியிடமிருந்து அது தப்பிக்க வேண்டும். 1987, நவம்பர் 29, அப்போதைய எங்கள் நாட்டின் குடியரசு நாளன்று எங்கள் ஊர் வானொலியில் வருவதாக இருந்தது. வரவில்லை. கம்யூனிஸ்ட் கட்சிக் கமிட்டியின் தோழர் ஒருவர், குடியரசு நாளில் ஓடும் பன்றி யார் என்று கேட்டு, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தடை செய்துவிட்டார். இதுதான் ஊரறிந்த வரலாறு. அடுத்த மாதம் திறக்கவிருந்த எங்கள் புதிய கண்காட்சியின் பெயரே 'தடை செய்யப்பட்ட பன்றி'. சுவரொட்டி அச்சாகிவிட்டது.

"தடையும் இல்ல, தோழரும் இல்ல" என்றார் டெசாங்கா அத்தை, உட்கார்ந்துகொண்டு. "குடியரசு நாள்னா ரெண்டு நாள் லீவு. ரெண்டு நாள் லீவுன்னா இந்த நாட்டுல எல்லாரும் என்ன செய்வாங்க? பன்றி வெட்டுவாங்க. எங்கப்பா வீட்டுல அந்த வருஷம் மூணு பன்றி. இந்த மனுஷன் வானொலிக்காரன்கிட்ட அதே தேதிக்கு வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறார். காலண்டரைப் பார்க்கத் தெரியாதவர் ஊர் நிலத்தையெல்லாம் அளந்தார். ரேடியோவுல நேரம் வந்தப்போ முழங்கை வரைக்கும் கொழுப்பு, குடல்ல கறி அடைச்சு சாசேஜ் பண்ணிக்கிட்டு இருக்கார். விளையாட்டு பாதிதான் ஆகியிருக்கு."

"பாதி இல்ல" என்றார் அவர். "கடைசிக் கதவு மட்டும்தான் பாக்கி."

"மறுநாள் எவனோ ஏன் வரலைன்னு கேட்டான். தடை பண்ணிட்டாங்கன்னு இவர் வாயில வந்துது. அன்னைலேருந்து நான் கொடுமை அனுபவிச்சவரோட பொண்டாட்டி. எந்த விருந்துக்குப் போனாலும் சூப் ஆறும், இவர் தடையைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள."

ஸ்வெதோசார் மாமா எழுந்து, ஊறுகாய்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, கேசட்டை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். பின்னறையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் வேலை செய்தது. ஒவ்வொரு குளிர்காலமும் உட்கார்ந்து அந்தக் கதவை எழுதிப் பார்க்கிறாராம். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடம் போதவில்லை. கதவு திறந்தால் வேலி காணாமல் போகிறது, வேலி வந்தால் பன்றிக்குக் கால் இல்லை. "முடிச்சுட்டுக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார். "பாதி வீட்டைக் கட்டிட்டு எவனாவது வாங்க வாங்கன்னு கூப்பிடுவானா?"

என்னோடு கொண்டுபோயிருந்த பதிவுக் கருவியை இணைத்துவிட்டு ஓட்டினோம். அந்த நாடா இன்னொரு முறை ஓடுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இரைச்சல் முடிந்ததும் திரையில் ஒரு பன்றி வந்தது. எட்டுப் புள்ளி அகலம், காது மட்டும் சரியாக இருந்தது. நான் விளையாடினேன். கோழிக்கூடு, எருக்குழி, மதுப்பீப்பாய், தூங்கும் நாய் என்று ஆறு முற்றம் தாண்டினேன். ஏழாவதில் ஒரு மூடிய கதவு. பன்றி அதன் முன்னால் போய் நின்றது. பின்னால் கத்தியோடு வர வேண்டியவன் வரவில்லை.

"அவன் எங்க, மாமா?"

"கதவுக்கு அப்புறம்தான் அவனுக்கு வேலை. கதவே வரல, அவனை எங்க எழுதறது?"

பன்றி காதை ஆட்டியது. நான் எதையும் அழுத்தவில்லை. அது நின்றுகொண்டே இருந்தது. அன்றைக்கு அவருடைய மாமனார் வீட்டில் மூன்றும் போயின. இது ஒன்று மட்டும் முப்பத்தேழு வருஷமாகப் பிழைத்துக் கிடக்கிறது, இவர் வேலையை முடிக்காததால்.

"இதை முடிச்சுடாதீங்க மாமா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். பிறகு கேசட்டை அதன் பெட்டியில் போட்டு என் பக்கம் தள்ளினார். "உள்ளதை அப்படியே எழுதிக்க. குடிச்சிருந்தேன்னு மட்டும் எழுதாத. பன்றி வெட்டப் போயிருந்தேன்னா ஊர்ல எவனும் தப்பு சொல்ல மாட்டான்." கதவு வரை வந்தவர் தயங்கினார். "அன்னைக்கு எத்தனை வீட்டுல பசங்க ரெக்கார்டர்ல விரலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களோ. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்."

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் நான் உள்ளூர் வானொலிக்குப் போனேன். ஞாயிறுதோறும் வாழ்த்துகள் நிகழ்ச்சி உண்டு. புது வீடு, கல்யாணம், பேரன் பிறந்தது என்று காசு கட்டினால் பெயர் சொல்லிப் பாட்டுப் போடுவார்கள். ஊரே கேட்கும், யார் யாரை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள. அங்கே மேஜையில் இருந்த அம்மாவிடம், வாசிக்க வேண்டியதை எழுதிய என் சீட்டைக் கொடுத்தேன்.

"என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல. மூணு நிமிஷம் நாற்பது விநாடி, கீச்சுனு ஒரு சத்தம். நடுவுல நிறுத்தக்கூடாது, மேல பேசக்கூடாது."

நான் நீட்டிய பதிவுக் கருவியை அவர் காதில் வைத்துக் கொஞ்சம் கேட்டார். "போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு இதைவிட மோசமா ஒண்ணு கேட்டாங்க" என்று ரசீது எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வேலைக்காக மியோத்ராக் சார் என்னை வரச் சொல்லியிருந்தார். கேசட்டை மேஜையில் வைத்தேன். முகம் குழந்தை முகமாகிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குழந்தை போய் இயக்குநர் வந்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"நல்லது. பெல்கிரேடுக்கு அனுப்பின விண்ணப்பத்துல தடைன்னு எழுதியிருக்கேன் நெவேனா. பதினோரு தடவை எழுதியிருக்கேன். குடல்ல கறி அடைக்கப் போனவனுக்கு எவன் மானியம் தருவான்?" அறையைச் சுற்றி நடந்தார். நடக்கும்போதுதான் அவருக்கு யோசனைகள் வரும், அதனால்தான் அவர் நடப்பது எனக்குப் பிடிக்காது. "அதோட, கதவுகிட்ட போய் நின்னுக்கிட்டே இருந்தா பார்க்க வர்றவங்க சலிச்சுப் போவாங்க. நீ புரோகிராம் எழுதுவியே. அந்தக் கதவைத் திறந்துரு. அந்தப் பக்கம் தொப்பி போட்ட ஒரு ஆளை நிறுத்து. கமிட்டி ஆள் மாதிரி. பெரிசா வேணாம், சின்னதா ஒரு தொப்பி."

"அது அவர் எழுதினது இல்லையே சார்."

"எழுத நினைச்சிருப்பார்."

"அவர் சாசேஜை நினைச்சுக்கிட்டு இருந்தார்."

அவர் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எனக்குப் பதிமூணு வயசு" என்றார். "ரெக்கார்டர்ல ரெண்டு பட்டனையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அறிவிப்பாளர் ஏதோ சொன்னான். அப்புறம் நாலு நிமிஷம் அக்கார்டியன் இசை. விளையாட்டை அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். ரெண்டு நாள், நெவேனா. ரெண்டு நாள் அந்த அக்கார்டியனை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேன். தடை பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் மனசு ஆறிச்சு. இப்ப நீ வந்து குடல்னு சொல்ற."

எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது, மறைக்க ஒன்றுமில்லை. அவர் மட்டும் அத்தோடு நிறுத்தியிருந்தால், ஒருவேளை நானும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருப்பேன்.

"தொப்பியை எழுதிரு" என்றார். "உன் ஒப்பந்தம் ஜனவரியில முடியுது. உங்கப்பா ஊரெல்லாம் பொண்ணு மியூசியத்துல இருக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரியறாராமே."

திரிகிறார்தான். அறுவடை இயந்திரத்தில் பக்கத்தில் யாரை ஏற்றிக்கொண்டாலும் அதைத்தான் சொல்கிறார். ஒருவேளை அந்த ஒரு வாக்கியத்தை அவர் இனி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அறுவடையில்லாத மாதம்தான், யோசிக்க நேரம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமையே வளையத்திலிருந்து கழற்றி வைத்திருந்த அலுவலகச் சாவியைக் கேசட்டின் பக்கத்தில் வைத்தேன். காட்சிக்கு வைத்திருந்த பெரிய ரேடியோ ரெக்கார்டரைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்து, பிளக்கைச் செருகி, உள்ளூர் நிலையத்தில் முள்ளை நிறுத்தி, காலிக் கேசட் ஒன்றைப் போட்டேன். யாரோ ஒரு தம்பதிக்கு ஐம்பதாவது கல்யாண நாள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"இன்னும் ரெண்டு வாழ்த்துக்கு அப்புறம் சார். எண்பத்தேழுல ரெக்கார்டர் முன்னாடி உக்காந்திருந்த எல்லாருக்கும்னு வாசிப்பாங்க. ஏன் வரலைங்கறதையும் வாசிப்பாங்க. குடிச்சதை மட்டும் விட்டுட்டேன்."

 நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருவில் யாரும் இல்லை. ஞாயிறு மதியத்துக்கு முன்னால் எல்லாரும் சூப் முன்னால் இருப்பார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரே அறிவிப்பாளரின் குரல் கசிந்தது, ஒரு டிராக்டர் ஓட்டுநருக்கு அவருடைய மைத்துனர்களின் வாழ்த்து. வங்கியின் பழைய கம்பி ஜன்னலைக் கடக்கும்போது பார்த்தேன். மியோத்ராக் சார் எழுந்து என் பின்னால் வந்திருக்கவில்லை. ரெக்கார்டரை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டு, முதுகை வளைத்து, ஒரு விரலைச் சிவப்புப் பட்டனிலும் இன்னொரு விரலை அதன் பக்கத்துப் பட்டனிலும் வைத்து, இன்னும் அழுத்தாமல், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.