மழைநாளில் நீலம்

2024 நவம்பர் 23, சனிக்கிழமை, முற்பகல் பத்தே கால், விடாத மழை. முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றின் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் மின்சாரம் இல்லை. தலைவர் இன்னாசித்தம்பியின் மேசையில் இரண்டு தானியங்கிக் கைக்கடிகாரங்கள் கிடந்தன. ஒரே சுவிஸ் நிறுவனம், ஒரே வடிவம், ஒரே பட்டி. ஒன்றின் முகப்பு கறுப்பு. மற்றையது, வெயில் பட்டால் மட்டுமே தெரியும் கருநீலம். அந்த அறையில் இரண்டும் கறுப்பு.

வியாழன் மாலை, காணிக்கை மாதா திருநாளில், சொரூபம் தூக்கியவர்கள் தங்கள் கடிகாரங்களைக் கழற்றிக் கோயில் பொறுப்பிலிருந்த ஸ்ரெல்லாவின் கூடையில் இட்டார்கள். அன்னையின் ஆடையில் எதுவும் கொழுவிவிடக்கூடாது என்பது ஊர் வழக்கம். பவனி முடிந்ததும் மழை கொட்டியது. இருட்டில் அவர் அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளி காலை மேகம் ஒரு கணம் விலகியபோது, தன் கையில் கிடந்த கடிகாரம் கறுப்பாகவே நின்றதை, தூக்கியவர்களில் ஒருவனான றஜித் கண்டான். நீலம் அவன் அண்ணனுடையது. பாரிசில் இறந்த அண்ணனின் உடைமைகளில் ஊருக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றே.

“வெயிலிலை பிடிச்சுப் பாருங்கோ அண்ணை, தெரியும்,” என்றான் றஜித் தலைவரிடம்.

“வெயிலுக்குத் தவணை போட்டுக் கூப்பிடுவமோ?” என்றார் தலைவர். சுவரோர வாங்கில் அமர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

மற்றக் கடிகாரத்துக்குரிய துசியந்தன் கைபேசி விளக்கைப் பிடித்தான். இரண்டு முகப்புகளும் ஒரே அளவாக நீலம் காட்டின. அது கண்ணாடியில் உள்ள பூச்சின் நிறம் என்று றஜித் விளக்கினான். விளக்க விளக்க, தான் சொல்வது அவனுக்கே பொய்போல ஒலித்தது.

“ரண்டும் சரியான நேரம்தானே காட்டுது, மச்சான்?” என்றான் துசியந்தன்.

“அது அண்ணாவின்ரை.”

துசியந்தன் குரலைத் தாழ்த்தினான். “இப்ப மாத்தித் தந்தா கள்ளன் எண்டுதான் சனம் கதைக்கும். எனக்கும் பிள்ளையள் இருக்கு.”

“ஒரு நாள் பொறுங்கோ அண்ணை,” என்று றஜித் தலைவரிடம் திரும்பினான்.

“நாளைக்குப் பூசை. அதுக்குப் பிறகு எல்லாரும் தொழிலுக்கு. ஆரைப் பிடிக்கிறது?”

தீர்ப்பு எழுதப்பட்டது: அவரவரிடம் உள்ளது அவரவருக்கு. சங்கத்தை மறுப்பவனின் படகைத் தள்ளிவிட அந்தக் கரையில் எவரும் தோள் கொடுப்பதில்லை. றஜித் கையொப்பமிட்டான், பிறகு துசியந்தன், கடைசியாகத் தலைவர். துசியந்தன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டான்.

கூரையில் மழையின் ஓசை திடீரென நின்றது. தீர்ப்பில் றஜித்துக்குரிய பிரதியைத் துசியந்தனே எடுத்து நீட்டினான். வாசல் வழியே விழுந்த வெயிலில், நீட்டிய மணிக்கட்டின் முகப்பு நடுவிலிருந்து விளிம்புவரை கதிர்கதிராக நீலமாகியது.

மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும், மழை விட்டுவிட்டதா என்று வெளியே பார்த்தார்கள். றஜித் தாளை வாங்கினான்.