நனைந்த இலைகள் விழுங்கிய அழைப்பு

மலைக்கு அப்பால் பள்ளத்து ஊரில் வேலை பார்த்த நர்ஸ் வயர்லெஸ்ஸில் அனுப்பிய அழைப்பு, அவள் வெள்ளத்தில் இறந்து நான்கு வருடம் ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. "மாமா, பாலம் போயிடுச்சு. பதினாறு பேர் கூரை மேல இருக்கோம். படகு அனுப்புங்க." ஆபரேட்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த அறையிலிருந்த சர்வேயரைக் கூப்பிட்டார். நர்ஸ் சர்வேயரின் மனைவிக்குத் தங்கை.

மேடு, பள்ளம், பாறை, மரம் இவற்றைத் தாண்டும்போது ரேடியோ அலை எவ்வளவு தேயும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது சர்வேயரின் வேலை. அந்த மலைக்கு ஒரு ரேடியோ கோபுரம் போதும் என்று எழுதிக் கொடுத்தவர் அவரே. அளக்கப் போனது கோடையில். காட்டில் ஒரு மரத்திலும் இலை இல்லை. தழைத்து நனைந்த இலைகள் எவ்வளவு விழுங்கும் என்பதற்குப் புத்தகத்திலிருந்த எண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். வெள்ளத்தன்று நிலையத்தில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்றார்கள். மனைவி நான்கு வருடமாகச் சாப்பாடு வைத்தாள், முகம் பார்க்கவில்லை.

அழைப்பு தினமும் அதே நேரத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் மனைவி நிலையத்துக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தங்கை பேசி முடித்ததும், "பதில் சொல்லுங்க" என்றாள்.

"இங்கேருந்து போகாது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். காட்டைத் தாண்டவே தாண்டாது."

"உங்க கணக்கை யாரு கேட்டா? அவ உங்களத்தானே கூப்பிடுறா."

அவர் பட்டனை அழுத்தி, "படகு கிளம்பிடுச்சும்மா" என்றார்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "சரி மாமா, காத்திருக்கோம். அக்காகிட்ட சொல்லிடுங்க." மனைவி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்க. இப்ப படகுக்கு எங்க போவீங்க?"

அவர் விண்ணப்பம் எழுதினார். மேலதிகாரி எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார்; பெரிய படகாகவே கொடுத்தார். அன்றுமுதல் மழைக்காலம்தோறும், பள்ளத்தில் தண்ணீர் ஏறிய நாளில் படகு போகிறது. அங்கே இப்போது வீடும் இல்லை, ஆளும் இல்லை. திரும்பும்போதும் படகில் யாரும் தெரிவதில்லை. ஆனால் விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்து வருகிறது. சுமை அதிகம் என்பதால் படகோட்டி நிதானமாகத் துடுப்புப் போடுகிறார். கணவனும் மனைவியும் கரையில் குடைபிடித்து நிற்கிறார்கள். அவர்கள் நகர்ந்து வழிவிட்டு, எல்லோரும் இறங்கி முடிக்கும் நேரம் காத்திருந்து, பிறகு படகைக் கட்டுகிறார்கள்.